கேக் படம் போட்ட திதிகள்

கோச்சடையில் ஸ்யாமளா மாமியின் வீட்டுக் கூடத்தில் ஒரு மர ஸ்டூல் இருந்தது. அதன் மேல் லேண்ட்லைன் போன், பக்கத்தில் மஞ்சள் துணியில் சுற்றிய செல்போன், அடித்தட்டில் அந்த வருஷத்துப் பஞ்சாங்கம். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் நூற்று நாற்பத்திரண்டு குடும்பங்களில் காலமானவர்களுக்கு நாள் தவறாமல் பிண்டம் போய்ச் சேர்ந்ததென்றால், அந்த ஏற்பாடு கிளம்பிய இடம் அந்த ஸ்டூல்தான்.

மந்திரம் சொல்வது அவள் புருஷன் சுப்பராமன் வாத்தியார். எந்த வீட்டில் எந்த நாள் தெவசம், கூட எந்த பிராமணர்கள் வருவார்கள், சமையலுக்கு யார், அவர் டி.வி.எஸ். ஐம்பதில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் மாமியின் பொறுப்பு. வாத்தியாருக்குச் செல்போன் ஆகாது. மடிக்கு ஒத்துவராது என்பார். கீழே போட்டுவிடுவோம் என்ற பயம்தான் நிஜமான காரணம். அதனால் கேள்வி எல்லாம் ஸ்டூலுக்கே வரும். தெருவில் அவளுக்குப் பெயர் 'கண்ட்ரோல் ரூம் மாமி'.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அப்பா அம்மாவின் திதி எந்தத் தேதியில் வருகிறது என்று பிள்ளைகள் கணக்குப் பார்ப்பதில்லை. வாத்தியார் வீட்டிலிருந்து பத்து நாள் முன்னால் போன் வரும். அன்றைக்கென்றால் அன்றைக்குத்தான். திதி என்பது நிலாவைப் பார்த்து நடப்பது. இங்கிலீஷ் தேதி அதற்குக் கட்டுப்பட்டதில்லை. போன வருஷம் டிசம்பர் பத்தில் வந்த திதி இந்த வருஷம் பத்து நாள் முன்னால் வரும். இன்னொன்று பதினெட்டு நாள் தள்ளிப் போகும். ஆகவே ஒவ்வொரு சித்திரையிலும் புதுப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு அத்தனை பேருக்கும் தேதி புதிதாகக் குறிக்க வேண்டும்.

முன்பெல்லாம் அதற்கு ஒரு நீள நோட்டு. வாத்தியார் திதியைப் படிப்பார், மாமி பென்சிலால் தேதி எழுதுவாள். அடுத்த வருஷம் ரப்பரால் அழித்துவிட்டு அதே இடத்தில் புதுத் தேதி. இருபத்தைந்து வருஷம் அழித்ததில் சில பக்கங்கள் ஓட்டை விழுந்துவிட்டன. 'ஸ்ரீநிவாசன் அப்பா' இருந்த இடத்தில் மறுபக்கத்து 'லலிதா மாமனார்' எட்டிப் பார்ப்பார்.

மாமிக்கு அது பொறுக்காது. கல்யாணத்துக்கு முன் ஒரு நூல் கம்பெனியில் இரண்டு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். ஃபைல்களை நூலால் கோத்து வரிசையாக அடுக்கிய கை. இந்த வீட்டில் ஊறுகாய் ஜாடிக்குக் கூடப் போட்ட தேதி ஒட்டியிருக்கும். கேஸ் சிலிண்டர் வந்த தேதி சமையலறைக் கதவின் உள்பக்கம் வரிசையாக இறங்கும். "என்னையும் ஒருநாள் துளை போட்டுக் கோத்துடுவா" என்று வாத்தியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

இரண்டாயிரத்தைந்து மார்ச்சில் செல்போன் வந்தது. வாங்கச் சொன்னவள் மாடி வீட்டு ஹம்சவேணி. வீட்டுக்காரியும் அவள்தான். சௌராஷ்டிரக் குடும்பம். சுங்குடிச் சேலை மொத்த வியாபாரத்தில் பாதியை அவள் செல்போனில்தான் நடத்தினாள்.

"மாமி, இதுக்குள்ள காலண்டர் இருக்கு. எழுதிப் போட்டுட்டா அதுவே மணியடிச்சுச் சொல்லும். நான் எம்புட்டு ஆர்டர இதுல வச்சிருக்கேன் தெரியுமா?"

மாமி முதலில் ஒவ்வொரு தெவசத்தையும் குறிப்பாகப் போட்டாள். ஒரு மாசம் கழித்துப் பார்த்தால் முடிந்துபோன குறிப்புகளைக் காணோம். இடம் போதவில்லை என்று போனே அழித்துவிட்டிருந்தது. ஒரு பெயரைக் கூடத் தொலைக்க மனமில்லாதவளுக்குத் தூக்கி வாரிப்போட்டது. மாடிக்கு ஓடினாள்.

ஹம்சவேணி போனை வாங்கி நோண்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பர்த்டேன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதுல போடுங்க. அது அழியாது. வருசா வருசம் தானா வந்து நிக்கும்."

அப்படியாக நூற்று நாற்பத்திரண்டு தெவசங்களும் பிறந்தநாள் பட்டியலில் ஏறின. பிறந்த வருஷம் என்று போன் கேட்ட இடத்தில் மாமி காலமான வருஷத்தைப் போட்டாள். பத்து நாள் முன்னால் மணி அடிக்க வைத்தாள். நேரம் வந்ததும் மெழுகுவத்தி ஏற்றிய கேக் படத்தோடு ஒரு மெட்டு வரும், வயசும் வரும். அந்தக் கார்த்திகையில்தான் வாத்தியார் காதில் அது முதல்முறை விழுந்தது. ஜபத்தை நிறுத்திவிட்டார்.

"என்னடி இது?"

"கிருஷ்ணபிரசாத் அம்மா. ரெண்டு வயசு ஆறது."

"செத்தவாளுக்குக் கேக் வெட்டறயா நீ?"

"கேக் அது போடறது. தேதியைப் பாருங்கோ, சரியா இருக்கா?"

தேதி சரியாகத்தான் இருந்தது. அந்த வருஷம் முழுக்க ஒன்றும் தப்பவில்லை. நீள நோட்டு பரணுக்குப் போனது.

அடுத்த சித்திரை வந்தது. விய வருஷம். பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும் என்று மாமிக்குத் தெரியும். தெரியாதது வேறு. அந்தச் சித்திரையில் வாத்தியாருக்கு அடுக்கடுக்காகக் கல்யாணம், தனியாக உட்கார்ந்தாள். மூன்று மத்தியானம். ஒவ்வொரு பெயரையும் திறந்து புதுத் தேதி போட்டாள். போட்டவுடன் அந்தப் பெயர் பட்டியலில் தன் புது இடத்துக்குத் தாவிவிடும். மாச ஆரம்பத்தில் மாற்றியது கீழே, அதே மாசக் கடைசியில் போய் உட்கார்ந்திருக்கும். அங்கே வரும்போது, 'இதை மாத்தியாச்சு' என்று தாண்டுவாள். மூன்றாம் மத்தியானம் கார்த்திகை நடக்கையில் கேஸ்காரன் வந்தான். அவனை அனுப்பினால் லேண்ட்லைன் அடித்தது. திரும்பி வந்து, பார்த்த ஞாபகம் இருந்த பெயரையெல்லாம் தாண்டினாள். நோட்டாக இருந்தால் அழித்த தடம் இருக்கும். போனில் பழைய தேதிக்கும் புதுத் தேதிக்கும் ஒரே முகம்.

இரண்டாயிரத்தாறு நவம்பர் முப்பது, வியாழக்கிழமை. காலை எட்டரை மணிக்கு மஞ்சள் துணிக்குள்ளிருந்து மெட்டு கேட்டது. கேக் படம். கிருஷ்ணபிரசாத் அம்மா, மூன்று வயசு, டிசம்பர் பத்து.

கிருஷ்ணபிரசாத் பேரையூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். சம்சாரமும் பெண்ணும் கோயம்புத்தூரில், இவர் மட்டும் ஆபீசுக்கு எதிரில் ரூம் எடுத்து, மெஸ்ஸில் சாப்பாடு. அம்மா காலமான அன்று சென்னையில் ஏதோ பயிற்சிக்குப் போயிருந்தார். மழையில் பஸ் சிக்கி, வந்து சேர்வதற்குள் சித்தப்பா பிள்ளை கொள்ளி வைத்து முடித்திருந்தான். "கொள்ளிக்குத்தான் இல்லாமப் போயிட்டேன் மாமி, இதுல ஒரு வருஷம் கூடத் தப்பக்கூடாது" என்று முதல் வருஷம் இந்தக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னார். தெவசம் கோச்சடையில் வாத்தியார் வீட்டிலேயேதான் நடக்கும்.

லீவு போட என்ன கிழமை என்று கேட்பார். மாமி பஞ்சாங்கத்தை எடுத்தாள். டிசம்பர் பத்து ஞாயிறு. பரவாயில்லை, லீவே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தாள். தேய்பிறை சஷ்டி.

அவர் அம்மாவுக்கு வளர்பிறை தசமி.

விரல் மேலே ஏறியது. பஞ்சமி, சதுர்த்தி என்று தேய்பிறை முழுதும் ஏறி, பௌர்ணமியைத் தாண்டி, துவாதசி, ஏகாதசி. அதற்கு மேல் தசமி. தேதி முப்பது. சுவரில் நாள்காட்டியைப் பார்த்தாள். காலையில் முந்தின நாள் தாளை அவளேதான் கிழித்திருந்தாள். மேலே நின்ற தாளில் முப்பது.

பத்து நாள் முன்னால் எச்சரிக்க வைத்த மணி, சரியாக இன்றைக்கே அடித்திருக்கிறது, போன வருஷத்துத் தேதிக்கு. மத்தியானம் ஒன்றேகாலுக்கு மேல் மூன்றரைக்குள் தெவசம் நடக்க வேண்டும். பண்ணுகிறவன் அதுவரை சாப்பிட்டிருக்கக் கூடாது. மணி எட்டு முப்பத்தைந்து. மெஸ்ஸில் இட்லி நேரம்.

கிருஷ்ணபிரசாத் செல்லுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் இருப்பதாக ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. மறுபடி அடித்தாள், அதே நிதானம். லேண்ட்லைனை எடுத்து ஆபீஸ் எண்ணைச் சுற்றினாள். எட்டு முறை மணி அடித்த பிறகு ஒருவர் எடுத்தார்.

"ஆபீசு பத்து மணிக்குத்தேன்."

"மதுரையிலேந்து பேசறேன். கிருஷ்ணபிரசாத் சாரை அவசரமாக் கூப்பிடணும்."

"நான் வாச்மேன் பேச்சிமுத்து தாயி. சார் இப்பத்தேன் மெஸ்சுக்குள்ள நுழைஞ்சாரு. சாப்ட்டு வரட்டும், சொல்றேன்."

"அண்ணே, அண்ணே! அவர் சாப்பிடக் கூடாது. ஓடிப்போய்ச் சொல்லுங்கோ."

"ஏன் தாயி, இட்லில எதுவும் கெடந்துச்சா?"

"இன்னிக்கி அவா அம்மா தெவசம் அண்ணே. சாப்ட்டா எல்லாம் போச்சு."

"அடியாத்தி!"

ரிசீவரை மேஜையில் போட்ட சத்தம். செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. அப்புறம் மாமியின் காதில் பேரையூர் மட்டும் கேட்டது. ஒரு சேவல், ஒரு பஸ் ஹாரன், யாரோ தண்ணீர் லாரியைத் திட்டுவது. மாமி வாய்விட்டு நாராயணா என்றுகூடச் சொல்லவில்லை. சொன்னால் பதில் கேட்காமல் போய்விடும் என்று பயம்.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. மூச்சு வாங்கியது.

"பிடிச்சுட்டேன் தாயி. இலைல மூணு இட்லி விழுந்திருச்சு. ஒண்ணப் பிட்டுச் சட்னில தொட்டுக் கையில வச்சிருந்தாரு. கையக் கெட்டியாப் பிடிச்சுட்டேன்ல."

"வாய்ல போகலியே?"

"போகல. காப்பி மட்டும் குடிச்சாராம். மெஸ்சே எந்திருச்சு நின்னு பாக்குது. தாயி, அந்த மூணு இட்லிய நான் தின்னுக்கிரலாமா? தோசம் ஒண்ணுமில்லையே?"

"தாராளமாச் சாப்டுங்கோ அண்ணே. உங்களுக்கு நமஸ்காரம்."

பிறகு கிருஷ்ணபிரசாத்தின் குரல், பதறிப்போய். "மாமி, இன்னிக்கா? நீங்க பத்து நாள் முன்னாடியே சொல்லிடுவேளே?"

"இன்னிக்குத்தான். உடனே பஸ் ஏறுங்கோ."

"நேத்து ராத்திரி வெங்காய ஊத்தப்பம் சாப்ட்டேன் மாமி. முதநாள் விரதமே இல்லையே."

"அதை மாமா பாத்துப்பார். பன்னெண்டு மணிக்குள்ள இங்க இருக்கணும்."

"ஏன் மாமி சொல்லலை?"

"வாங்கோ, சொல்றேன்."

வைத்துவிட்டாள். அடுத்த எண் எஸ்.எஸ். காலனியில் ஆயுஷ்ய ஹோமம் நடக்கும் வீடு. வாத்தியாரைக் கூப்பிடச் சொன்னாள். ஹோமத்து நடுவில் போனுக்கு வருகிற ஆள் இல்லை அவர். வந்தாரென்றால் மாமி கேட்ட விதத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

"என்ன ஸ்யாமளா?"

"கிருஷ்ணபிரசாத் அம்மா தசமி இன்னிக்கு. போன்ல தேதி மாத்தாம விட்டுட்டேன். போன வருஷத் தேதியே இருந்தது."

பின்னால் குழந்தைகள் கத்துவது கேட்டது.

"அவன் சாப்டானா?"

"இல்லை. கிளம்பிட்டார்."

"மணி என்ன?"

"ஒம்போது ஆகப் போறது."

"சமையலுக்கு நேரமில்லை. அரிசி, பயத்தம்பருப்பு, வாழைக்காய், வெல்லம் எல்லாம் எடுத்து வை. சமைக்காம, பச்சையாவே குடுத்து ஆமமாப் பண்ணிடலாம். கூட வரவாளை நான் அழைச்சுண்டு வரேன்." போனை வைக்கப் போனவர் நிறுத்தினார். "ஸ்யாமளா, அழாதே. பாத்திரத்தை எடுத்து வை."

அழுதுகொண்டிருப்பது அதுவரை அவளுக்கே தெரியாது.

பத்து மணிக்கு ஹம்சவேணி இறங்கி வந்தாள். "என்ன மாமி, காலைலேயே போன்ல சண்டை? மாடி வரைக்கும் கேக்குது."

மாமி சொன்னாள். ஹம்சவேணி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நாந்தானே மாமி பர்த்டேல போடச் சொன்னேன்."

"நீ சரியாத்தான் சொன்னே. வருஷா வருஷம் தானா வந்து நிக்கும்னே. வந்து நின்னுடுத்து."

"வாழைக்காய் எம்புட்டு வேணும்? சொல்லுங்க, ஸ்கூட்டில போய் அள்ளிட்டு வாரேன்."

"அள்ளிண்டெல்லாம் வராதே. ஆறு போதும். நுனி இலையும் பாரு."

பதினொன்றரைக்கு எல்லாம் கூடத்தில் தயார். தர்ப்பை, எள், அரிசி, ஹம்சவேணி கொண்டுவந்த ஆறுக்குப் பதில் பன்னிரண்டு வாழைக்காய். வாத்தியார் வந்து குளித்துவிட்டார். கூட வந்தவர்கள் விசிறியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆள் மட்டும் வரவில்லை. பன்னிரண்டு. பன்னிரண்டே கால். மாமி வாசலுக்கும் ஸ்டூலுக்கும் நடந்தாள். பன்னிரண்டரைக்குச் செல் அடித்தது.

"மாமி, பஸ் கெடைக்கவே பதினொண்ணு ஆயிடுத்து. இப்ப திருமங்கலம் ரயில்வே கேட் போட்டுட்டான். ஒரு வண்டி போயாச்சு, இன்னொண்ணு வரணுமாம். நான் இறங்கி ஓடட்டுமா?"

"கோச்சடைக்கு ஓடியே வரேளா? உக்காருங்கோ பஸ்ல."

கத்திவிட்டாள். அம்மாவின் கடைசி நாளில் பஸ்ஸில் மாட்டிக்கொண்டவர் இப்போதும் பஸ்ஸில்தான் மாட்டியிருக்கிறார் என்று தோன்றியதும் போனைப் பார்க்கவே பிடிக்காமல் துணியில் சுற்றினாள்.

ஒன்று இருபதுக்கு ஆட்டோ வந்து நின்றது. கிருஷ்ணபிரசாத்துக்குச் சட்டை முழுக்க வேர்வை. நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையோடு மூன்று வாளி ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு உட்கார்ந்தார். வாத்தியார் ஒரு கேள்வி கேட்கவில்லை. மூன்று தலைமுறைப் பெயரும் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டு முடிந்தபோது மணி மூன்று. நேரத்துக்குள்தான்.

சாப்பிட்டு எழுந்த கிருஷ்ணபிரசாத் மாமியை விழுந்து நமஸ்கரித்தார். "நீங்க மட்டும் இன்னிக்கிக் கூப்பிடலேன்னா, டிசம்பர் எப்பவோ வரும்னு நான் பாட்டுக்கு இருந்திருப்பேன் மாமி. உங்களாலதான் நடந்தது."

அதை அப்படியே வாங்கிக்கொண்டிருக்கலாம். வாத்தியார் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"என்னாலதான் தப்பிருக்கும்" என்றாள் மாமி. "பத்து நாள் முன்னாடி சொல்ல வேண்டியது. தேதி மாத்த விட்டுப்போச்சு. இன்னிக்கி நீங்க என்ன கிழமைன்னு கேப்பேளேன்னு பஞ்சாங்கம் பாத்தேன். இல்லேன்னா பத்தாந்தேதின்னே சொல்லியிருப்பேன்."

அவர் துண்டால் முகம் துடைத்தார். கோபம் வந்தால் தேவலை என்று மாமிக்கு இருந்தது. வரவில்லை.

"இட்லி பிட்டாச்சு மாமி" என்றார் மெதுவாக. "பேச்சிமுத்து பிடிச்ச பிடில மணிக்கட்டு இன்னும் வலிக்கறது." சிரிக்கப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "என்னை மாதிரி வேற யாராவது இருக்காளா?"

அவர் போன பிறகு அந்தக் கேள்வி கூடத்தில் நின்றது.

வாத்தியார் பரணிலிருந்து நீள நோட்டை இறக்கினார். அவர் நோட்டைப் பார்த்துத் திதி சொல்ல, மாமி பஞ்சாங்கத்தில் தேதி பார்த்து, போனில் சரிபார்த்தாள். சித்திரையிலிருந்து ஆரம்பித்தார்கள். வைகாசி, ஆனி, ஆடி சரி. ஒவ்வொரு பெயருக்கும் மாமி மூச்சைப் பிடித்து விட்டாள். ஐப்பசி வரை பழுதில்லை. கார்த்திகை வந்தது, கேஸ்காரன் வந்த மத்தியானம்.

நான்கு பெயர் பழைய தேதியில் நின்றன. ஒன்று கிருஷ்ணபிரசாத் அம்மா. இரண்டு இனிமேல் வரவேண்டியவை, தப்பித்தன. நான்காவது திருநகர் ராஜஸ்ரீயின் மாமனார். வளர்பிறை திருதியை. போனில் டிசம்பர் நாலு. பஞ்சாங்கத்தில் நவம்பர் இருபத்து மூன்று.

"போன வியாழக்கிழமை" என்றார் வாத்தியார்.

"நான் வெள்ளிக்கிழமைதான் அவாளுக்குப் போன் பண்ணினேன். மணி அடிச்சது, உடனே பண்ணினேன். நாலாந்தேதின்னு." மாமி போனை மடியில் வைத்தாள். "பாம்பேலேந்து சின்னவன் வரான். டிக்கெட் போட்டாச்சுன்னு ராஜஸ்ரீ நேத்திக்குக் கூடச் சொன்னா. ரெண்டாந்தேதி வந்து இறங்கறான்."

மாமிக்கு ஒன்று தெரிந்தது. அவர்கள் பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள் இல்லை. நாலாந்தேதி உட்கார்ந்து, அண்ணனும் தம்பியும் பக்தியாகப் பண்ணி, பாயசம் சாப்பிட்டு, சின்னவன் ரயிலேறிப் போய்விடுவான். யாருக்கும் தெரியப் போவதில்லை. அப்பாவைத் தவிர.

"விட்டுப்போனதுக்கு வழி உண்டு" என்றார் வாத்தியார். "வர தேய்பிறை ஏகாதசில பண்ணலாம். அமாவாசைலயும் பண்ணலாம். அதுல தோஷமில்லை."

"சின்னவனுக்கு அது வரைக்கும் லீவு இருக்காதே."

"இருக்காது."

"நாலாந்தேதி?"

"சதுர்த்தசி. நான் அங்க உக்காந்து திருதியைன்னு சங்கல்பம் சொல்லணும்." நோட்டை மூடினார். "எனக்கு வராது ஸ்யாமளா. நான் போய்ச் சொல்லட்டுமா? திருநகர்தானே, வண்டில போயிட்டு வரேன்."

"வேண்டாம். தேதி சொன்னவ நான்."

சொல்லிவிட்டாள், ஆனால் உடனே ரிசீவரை எடுக்கவில்லை. முதலில் போனைத் திறந்து, கார்த்திகைப் பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'விய' என்று வருஷத்தைச் சேர்த்தாள். இனி எது மாற்றியது, எது மாற்றாதது என்று பார்த்தவுடன் தெரியும். அடுத்த சித்திரையில் 'சர்வஜித்' என்று மாற்ற வேண்டும். சுலபமான வேலை, அதனால் அதை முதலில் செய்தாள். பதினோரு பெயர். பன்னிரண்டாவதாகத் திருதியை வந்தது. கேக்கில் மெழுகுவத்தி எரிந்தது. அந்தப் பெயரின் முன்னால் எதைப் போடுவது என்று தெரியவில்லை.

"ஒரு வாய் சாப்ட்டுட்டுப் பேசேன்" என்றார் வாத்தியார். காலையிலிருந்து தண்ணீர்தான்.

"சாப்ட்டா அப்பறம் நாளைக்குப் பாத்துக்கலாம்னு தோணும்."

ரிசீவரை எடுத்துத் திருநகர் எண்ணைப் போட்டாள். இரண்டாம் மணியிலேயே ராஜஸ்ரீ எடுத்தாள். பின்னால் குக்கர் விசில், டி.வி. சத்தம், நிறையச் சந்தோஷம்.

"மாமி! உங்களைத்தான் நினைச்சேன், நூறு வயசு. என் கொழுந்தன் இப்பத்தான் போன் பண்ணினான், லீவு கெடைச்சுடுத்தாம். நீங்க சாப்டாச்சா?"

மாமி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்லேம்மா. டி.வி.யைக் கொஞ்சம் நிறுத்து. உங்கிட்ட ஒரு தப்பைச் சொல்லிட்டுத்தான் சாப்டணும்."